துறைச் சுவரைத் தாண்டி: குமரி மாவட்டப் பொறியியல் மாணவர்களுக்கான ஆராய்ச்சி வழிகாட்டி

பைனல் இயர் புராஜெக்ட்டை இன்று கடையில் வாங்கலாம். சர்க்யூட் போர்டு, புரோகிராம் கோடு, ரிப்போர்ட், ரெவ்யூவுக்கான பிபிடி வரை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் ஸ்மார்ட் குப்பைத் தொட்டியும் கைதட்டினால் எரியும் விளக்கும் வருஷா வருஷம் வேறு வேறு பெயரில் ரெவ்யூ அறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாங்குகிற மாணவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆறு செமஸ்டர் முழுக்க, கொடுத்த கணக்கைப் போட்டுப் பழகியவரிடம் திடீரென்று "நீயே ஒரு பிரச்சினையைக் கண்டுபிடி" என்றால் அவர் எங்கே போவார்?

இந்த வழிகாட்டி அந்தத் தேடலில் தொடங்கி, பணம், அனுமதி, கோடைகால ஆராய்ச்சி வாய்ப்பு, காப்புரிமை வரை போகிறது. கோணத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மாவட்டத்தின் மற்றக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஈசிஇயில் (எலெக்ட்ரானிக்ஸ்) இரண்டு பேர், மெக்கில் (மெக்கானிக்கல்) இரண்டு பேர் என்று முதலில் ஆள் சேர்த்துவிட்டு அப்புறம் தலைப்பு தேடினால் அது பெயருக்குத்தான் பல்துறை ஆராய்ச்சி. பிரச்சினையை முதலில் பிடியுங்கள். எந்தெந்தத் துறை வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

முதல் படி: பிரச்சினையைப் போய்ப் பாருங்கள்

குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் போனால் வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட் தொங்குவதைப் பார்க்கலாம். காலையில் மரத்தின் பட்டையைக் கீறி, வடிந்த பாலைச் சேர்த்து, தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து அழுத்தி ஷீட் ஆக்குகிறார்கள். பாலில் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அழுத்திய பிறகும் ஷீட்டுக்குள் ஈரம் தங்கும். முறையான புகையறையில் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் நான்கு நாள் காய வேண்டும். சிறு விவசாயியிடம் புகையறை இருப்பதில்லை. அவர் வெயிலை நம்புகிறார், இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறார். குமரிக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஷீட் பூஞ்சை பிடிக்கிறது, தரம் இறங்குகிறது, விலையும் கூடவே இறங்குகிறது.

வீட்டளவில் ஒரு சிறிய உலர்த்திப் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் எந்தத் துறை இல்லை? காற்று எப்படி ஓட வேண்டும், வெப்பம் எங்கே வீணாகிறது என்பது மெக்கானிக்கல். விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து, மழைநாளில் சோலார் பேனல் எவ்வளவு தரும் என்பது ட்ரிபிள்இ (மின்னியல்). உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்று பார்ப்பது ஈசிஇ. ஷீட்டின் தரத்தை ஒன்று முதல் ஐந்து வரை பிரிப்பது இன்றும் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூஞ்சை, குமிழி, அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போன் கேமராவில் அதைச் செய்ய முடியுமா என்பது சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) மாணவருக்கான வேலை. பூஞ்சையைப் பற்றித் தாவரவியல் படிப்பவரிடம்தான் கேட்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சும்: ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் இந்தப் பெட்டிக்கு எவ்வளவு கொடுப்பார்? பொறியியல் பாடத்திட்டம் அதற்கு உதவாது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ தெ.தி. இந்துக் கல்லூரியிலோ பொருளாதாரம் படிக்கும் நண்பர் உதவுவார்.

அடுத்தது கடல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் மொபைல் சிக்னல் போய்விடும். அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகளை இஸ்ரோ உருவாக்கியது. இருவழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களும் படகுகளில் பொருத்தப்படுகின்றன. அப்படியானால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. உப்புக் காற்றில் கருவி எத்தனை மாதம் தாங்குகிறது, எச்சரிக்கை எந்த மொழியில், என்ன சொற்களில் வந்தால் மீனவர் திரும்பி வர முடிவெடுப்பார், நடுக்கடலில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது எல்லாம் திறந்தே கிடக்கும் கேள்விகள். கள்ளக்கடலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் கரைக்குள் ஏறி வருகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது குறிப்பிட்ட ஒரு கடற்கரைக்கு, அங்கே குளிக்க வந்து நிற்கும் வெளியூர்க்காரருக்கு எப்படிப் போய்ச் சேரும்? சிவில், ஈசிஇ, சமூகவியல் மூன்றும் இதில் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றும் முப்பந்தல் காற்றாலைகளும் ட்ரிபிள்இ மாணவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பழைய சிறிய காற்றாலைகளின் இறக்கைகளைக் கழற்றிய பிறகு என்ன செய்வது என்பது மெட்டீரியல் சம்பந்தப்பட்ட நல்ல கேள்வி. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. குளங்களில் ஆகாயத்தாமரை பரவுவதைச் செயற்கைக்கோள் படத்தில் பின்தொடரலாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்த வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் மாறியதால் நீர் எப்படிப் போகிறது என்பதும் அப்படியே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைக்கு அறுவடைக்குப் பின் ஆயுள் குறைவு. வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது; கடலுக்கு நடுவே இரும்பும் கண்ணாடியும் எப்படி மூப்படைகின்றன என்று யோசிக்க அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

போகும்போது போர்டும் சென்சாரும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். "உங்களுக்கு என்ன ஆப் வேண்டும்?" என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். "அண்ணே, போன மழைக்கு எத்தனை ஷீட் கெட்டுப்போச்சு, அப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நின்று கதையாகவே சொல்வார்கள்.

இரண்டாம் படி: பிரச்சினையைக் கேள்வியாக்குங்கள்

"ஐஓடி அடிப்படையிலான நவீன ரப்பர் உலர்த்தி" என்பது தலைப்பு. ஆராய்ச்சிக் கேள்வி இப்படி இருக்கும்: மழைநாளில், 20 ஷீட் கொள்ளும் பெட்டியில், விசிறி ஓடினால் எத்தனை நாளில் காய்கிறது, ஓடாவிட்டால் எத்தனை நாள்? விடை ஒரு எண்ணாக வரும். வந்த எண்ணை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

இந்தக் கேள்விக்கு விடை காண முதலில் தேவைப்படுவது ஒரு தராசு. ஷீட்டைத் தினமும் எடை போட்டு எழுதினால் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஈரப்பத சென்சார், கிளவுட், டாஷ்போர்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். பல புராஜெக்ட்டுகளில் வரிசை தலைகீழாக இருப்பதைப் பார்க்கிறேன்; டாஷ்போர்டு பளபளவென்று இருக்கும், அதில் வரும் எண் சரியா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி அமைந்ததும், ஏற்கெனவே யாராவது விடை சொல்லிவிட்டார்களா என்று தேடுங்கள். கூகுள் ஸ்காலர் தெரிந்ததுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வழியாக நம் மாவட்டத்துக் கடல், குளம், மணல் பற்றி வந்த ஆய்வேடுகளை அங்கே தேடிப் பாருங்கள். காசு கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் கல்லூரி நூலகரிடம் உள்நுழைவு விவரம் கேளுங்கள். ரப்பர் பற்றியென்றால் கோட்டயத்தில் இருக்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளைப் படிக்காமல் ஒரு திருகாணியைக்கூடத் திருக வேண்டாம்.

தரவுக்கும் பஞ்சமில்லை. சென்டினல்–2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் துல்லியப் படங்கள் இலவசம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். நம் ஊரில் மழைக்காலம் முழுக்க மேகம் மறைத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இஸ்ரோவின் புவன் தளம், இன்காய்ஸின் கடல்நிலைத் தரவு, இந்தியா–வ்ரிஸ் தளத்தின் நீர்வளத் தரவு ஆகியவையும் கைவசம் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஆள் சேர்ப்பதும் கிரெடிட் சிக்கலும்

இங்கேதான் நல்ல யோசனைகள் பல செத்துப்போகின்றன. காரணம் அறிவியல் இல்லை, நிர்வாகம். புராஜெக்ட் மதிப்பெண் துறைவாரியாகப் போடப்படுகிறது. ரெவ்யூ தேதி துறைக்குத் துறை மாறும். மெக்கானிக்கல் மாணவர் செய்த பாதி வேலைக்கு ஈசிஇ பேராசிரியர் எப்படி மதிப்பெண் போடுவார்?

இதற்கு நடைமுறையில் ஓடும் வழி இது. ஒரே பிரச்சினைக்குள் இரண்டு தனித்தனிப் புராஜெக்ட்டுகளாகப் பதிவு செய்யுங்கள். மெக்கானிக்கல் அணி "சிறு உலர்த்தியில் காற்றோட்டம்" என்று தன் துறையில் பதியும். ஈசிஇ அணி "குறைந்த செலவு ஈரப்பதக் கண்காணிப்பு" என்று தன் துறையில் பதியும். இரண்டு ரிப்போர்ட், இரண்டு கைடு, ஆனால் பெட்டி ஒன்றுதான். எந்த வாரம் எந்தப் பகுதி தயாராக வேண்டும் என்று இரண்டு கைடுகளும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் இருக்கட்டும். ஒரு அணி தாமதித்தால் மற்றதும் விழும் என்பதால், ஒவ்வொரு அணியும் தன் பகுதியைத் தனியாகச் சோதித்துப் பார்க்கும் வழியும் வேண்டும்; பெட்டி வரும் வரை சென்சாரை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது மாதிரி.

எச்ஓடியிடம் (துறைத்தலைவரிடம்) போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். "சார், அந்த டிபார்ட்மென்ட்ல சரின்னுட்டாங்க" என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லித் திரிவது கடைசியில் வம்பில்தான் முடியும்.

இன்னும் ஆண்டுகள் கையில் இருக்கிற ஜூனியர்களுக்கு இன்னும் வசதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின்கீழ் படிப்பவர்கள் வேறு துறைப் பாடங்களை ஓபன் எலெக்டிவாக எடுக்கலாம். கூடுதலாக 18 கிரெடிட் சேர்த்தால் வேறு துறையில் மைனர் பட்டமும் உண்டு. உங்கள் பேட்ச்சுக்கு எந்த ஒழுங்குமுறை, என்ன சிஜிபிஏ தேவை, எந்த செமஸ்டரில் பதிய வேண்டும் என்பதைத் தேர்வுப் பிரிவில் நேரே கேட்டுக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னது அவர் பேட்ச்சுக்கு மட்டும்தான் சரி. ஓபன் எலெக்டிவை "எது ஈசி?" என்று கேட்டு எடுப்பதுதான் வழக்கம். உங்கள் பிரச்சினைக்கு எது தேவையோ அதை எடுத்தால் ஒரு செமஸ்டர் மிச்சம். என்பிடெல் இணையவழிப் பாடங்களும் அப்படியே: படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். கிரெடிட்டாக மாற்ற வேண்டுமானால் பாடத்தில் சேர்வதற்கு முன்பே கல்லூரியின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் "லிஸ்ட்ல இல்லையே" என்பார்கள்.

நான்காம் படி: கல்லூரிக்கு வெளியே கதவு தட்டுங்கள்

நம் மாவட்டத்தில் இதற்கான இடங்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம். திருப்பதிசாரத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் ஐஆர்இஎல் நிறுவனம். எல்லை தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ரயிலேறினால் திருவனந்தபுரம்: விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், சிஎஸ்ஐஆரின் நிஸ்ட் (பொருளறிவியல், வேதியியல் ஆய்வகம்), சீடாக் (கணினி ஆய்வு மையம்), தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனம், ஸ்ரீகாரியத்தில் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், விழிஞ்ஞத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். ஒரு நாளில் போய் வரும் தூரத்தில் இத்தனை விதமான ஆய்வகங்கள்! நம் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்றதும் பெங்களூர் பஸ்ஸைத் தேடுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எழுதும் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு, ஏதேனும் வாய்ப்பு தாருங்கள்" என்ற கடிதம் அவர்களுக்கு நிறைய வருகிறது. நீங்கள் அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் ஒரு வரைபடத்தைப் பற்றி ஒரு கேள்வி, உங்களிடம் இருக்கும் தரவு இரண்டு வரி, உங்களுக்கு வேண்டியது ஒரு வரி என்று எழுதுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள், கைடுக்கு ஒரு நகல் போகட்டும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், அடுத்த ஆளைப் பாருங்கள். அரசு நிறுவனங்களுக்கு நேரில் போவதானால் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், போனஃபைட் சர்டிபிகேட், கல்லூரி அடையாள அட்டை மூன்றும் கையில் வேண்டும். இஸ்ரோ, ஐஆர்இஎல் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே இருக்கும் நிபுணரை "கெஸ்ட் லெக்சர்" ஆக்கிவிடாதீர்கள். பூஞ்சை பற்றிச் சொல்லித் தரும் தாவரவியல் ஆசிரியருக்கு உங்கள் ரிப்போர்ட்டில் நன்றி ஒரு வரி போதாது. அவருடைய மாணவர் ஒருவருக்கும் இதில் ஒரு புராஜெக்ட் கிடைக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த வருடமும் அந்தக் கதவு திறந்திருக்கும்.

ஐந்தாம் படி: அனுமதிகள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோயாளிகளிடமோ பொதுமக்களிடமோ உடல்நலத் தகவல் திரட்டினால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்; இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள் பொறியியல் மாணவருக்கும் பொருந்தும். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து செய்தால் அவர்களுடைய குழு வழியாகப் போகலாம், ஆனால் குழு கூடும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். மலைப்பகுதியில் காட்டு எல்லைக்குள் ஒரு கேமராவோ சென்சாரோ வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். டிரோன் பறக்கவிடுவதானால் 2021 டிரோன் விதிகளின்படி முதலில் வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள்.

கடற்கரை மணலில் தனிக் கவனம் தேவை. மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் மோனசைட் உண்டு. அதில் தோரியம் இருப்பதால், அணுசக்திச் சட்டப்படி அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். சாக்கில் அள்ளி வந்து லேபில் பிரிக்கிற வேலையெல்லாம் கூடாது. இயற்கைக் கதிர்வீச்சு பற்றி ஆர்வம் இருந்தால் கருவியோடு போய் அளந்து வாருங்கள், மணல் அங்கேயே கிடக்கட்டும். அதையும் அனுபவமுள்ள இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.

ஆறாம் படி: பணம்

பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் தொடங்கப் போதும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு உதவி தருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போக வேண்டும். மாநிலத்தின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் மாணவர் புத்தாக்கப் போட்டிகள் நடத்துகிறது. 'நான் முதல்வன்' திட்டத்தின் நிரல் திருவிழாவில் அரசுத் துறைகள் சொல்லும் நிஜப் பிரச்சினைகளை எடுத்துச் செய்யலாம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஆறு பேர் கொண்ட அணி வேண்டும், அதில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். கல்லூரி அளவிலான போட்டியைத் தாண்டித்தான் மேலே போக முடியும்.

ஹேக்கத்தான் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 36 மணி நேரத்தில் ஆராய்ச்சி நடக்காது. ஏற்கெனவே களத்தில் அலைந்து தரவு சேர்த்த அணிக்கு அது நல்ல மேடை; வெறுங்கையோடு போகிறவருக்கு ஒரு டீஷர்ட்டும் சர்டிபிகேட்டும்.

விண்ணப்பத்தில் பட்ஜெட் எழுதும்போது போக்குவரத்துச் செலவைச் சேர்க்க மறக்காதீர்கள். சென்சாருக்குப் பட்டியல் போடுகிறார்கள். குலசேகரத்துக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தை எழுத வெட்கப்படுகிறார்கள். களத்துக்குப் போகாமல் இந்த வேலை நடக்காது, அதனால் அது முறையான செலவுதான். பொருள் வாங்கிய ஒவ்வொரு ரசீதையும் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் பேப்பர் ரசீது சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

ஏழாம் படி: களத்தில் அளப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். லேபில் ஓடிய கருவி கடற்கரைக் கிராமத்தில் ஓடாது. உப்பும் ஈரமும் கனெக்டரை அரித்துவிடும். போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு, நீர்புகாப் பெட்டி, வயர் நுழையும் துளைக்கு ரப்பர் அடைப்பு ஆகியவற்றை வடிவமைக்கும்போதே யோசியுங்கள். வயரைக் கீழ்ப்பக்கமாக நுழையுங்கள். மேலே துளை போட்டால் மழைநீர் வயர் வழியாகவே வழிந்து உள்ளே போகும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் எதையாவது கம்பத்தில் கட்டினால் இரண்டு மடங்கு அழுத்தமாகக் கட்டுங்கள்.

மலிவான ஈரப்பத சென்சார்கள் காற்றில் ஈரம் மிக அதிகமாக இருக்கும்போது தடுமாறும். நம் ஊர் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். அதனால் ஒரே இடத்தில் இரண்டு சென்சார் வைத்து வித்தியாசம் பாருங்கள். உப்புக் கரைசல் வைத்து அளவு சரிபார்க்கும் எளிய முறை உண்டு: மூடிய பாத்திரத்துக்குள் ஈரமான சாப்பாட்டு உப்பு இருந்தால் அங்கே ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் வேறு எண்ணைக் காட்டினால் அந்த வித்தியாசத்தை எழுதி வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு வேண்டும், பேனாவால் எழுதியது. தேதி, இடம், வானிலை, யார் இருந்தார்கள், எது கெட்டது, எதை மாற்றினோம். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். ரெவ்யூவில் "மூணாம் நாள் மட்டும் ஏன் இப்படி இறங்கியிருக்கு?" என்று கேட்டால், "அன்று கரண்ட் போச்சு" என்று சொல்ல நோட்டு வேண்டும். சரியாக வராத எண்களையும் அழிக்காதீர்கள். விசிறி வைத்தும் காயும் நாள் குறையவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவுதான். ஏன் குறையவில்லை என்பதில்தான் பல நேரம் சுவாரஸ்யமே இருக்கிறது.

எட்டாம் படி: கோடை விடுமுறை

மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை மிக முக்கியம். ஆனால் அதற்கான வேலை முந்தின வருடக் கடைசியிலேயே தொடங்கிவிடும். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி உட்பட மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி நல்கைக்கு நவம்பர் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானி ஒருவரோடு வேலை, உதவித்தொகையும் உண்டு. சென்னை ஐஐடியின் கோடை நல்கைக்கு ஆண்டுத் தொடக்க மாதங்களில் அறிவிப்பு வரும். தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும், எனவே அக்டோபரிலிருந்தே அந்தந்தத் தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள்.

இவற்றில் பரிந்துரைக் கடிதமும், நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பும் கேட்பார்கள். "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் குறிப்பை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. இரண்டாம் ஆண்டிலேயே இரண்டு மாத ரப்பர் ஷீட் எடைத் தரவு உங்களிடம் இருந்தால், அதை வைத்து ஒரு வரைபடம் போட்டு அனுப்புங்கள். சிஜிபிஏ கொஞ்சம் குறைவாக இருப்பவருக்கு இதுவே பெரிய பலம்.

ஒன்பதாம் படி: எழுதுவதும் காப்புரிமையும்

கட்டுரை கேட்டு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை காசு பிடுங்கும் ஆய்விதழ்கள். மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் கட்டுங்கள் என்றால் குப்பையில் போடுங்கள். தரமான ஆய்விதழ்களைச் சொன்ன யுஜிசி–கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், இனி ஆய்விதழ் தரத்தை நீங்களும் கைடும்தான் பார்க்க வேண்டும்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமான ஆட்களா, நீங்கள் மேற்கோள் காட்டிய நல்ல கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவை என்று பாருங்கள். பெயர் வரிசையை வேலை தொடங்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். நட்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் எதை முதலில் செய்கிறோம் என்ற வரிசை மிக முக்கியம். முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் கட்டுரை, கண்காட்சி, யூடியூப் வீடியோ எல்லாம். நீங்களே முன்கூட்டி வெளியிட்டுவிட்டால் புதுமை என்ற தகுதி போய்விடும். தற்காலிக விவரக்குறிப்போடு பதிந்துவிட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை இருக்கிறது, ஆகவே கல்லூரிப் பெயரில் போவது மலிவு. உரிமை யாருக்கு எவ்வளவு என்று கல்லூரியின் கொள்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் புராஜெக்ட்டுக்கும் காப்புரிமை வேண்டும் என்பதில்லை. பேட்டன்ட் எண்ணிக்கைக்காகப் போடும் விண்ணப்பங்களால் விவசாயிக்கு ஒரு பயனும் இல்லை. சிறு உலர்த்தியின் வரைபடத்தை உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர்கள் எடுத்துச் செய்யும்படி திறந்துவிடுவது சில நேரம் நல்ல முடிவு.

பத்தாம் படி: படிப்புக்குப் பிறகு

பல்துறை வேலை செய்தவருக்கு, எம்டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஒரு வசதி உண்டு. 2021 முதல் இரண்டு தாள்கள் எழுதலாம், அனுமதிக்கப்பட்ட ஜோடிகளுக்குள் மட்டும். மூன்றாம் ஆண்டு மாணவரும் எழுதலாம். சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும், உயிர்மருத்துவப் பொறியியல், புவித்தகவல் பொறியியல், தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் என்று புதிய தாள்கள் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. சிவில் மாணவர் தன் தாளோடு சுற்றுச்சூழல் தாளையும் எழுதலாமா என்று அந்த ஆண்டின் ஜோடிப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் வழியாக எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஆராய்ச்சித் திட்டங்களில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்தால் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும்.

நேர்காணலில் "உங்க கான்ட்ரிபியூஷன் என்ன?" என்று கேட்பார்கள். குழு வேலையில் இது சிக்கலான கேள்வி. "நாங்கள் செய்தோம்" என்று மழுப்பாமல், எந்தப் பகுதி உங்களுடையது, மற்றவர் பகுதி உங்களுக்கு எந்த அளவுக்குப் புரியும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பூஞ்சையைப் பற்றி ஆழமாகக் கேட்டால் "அதைத் தாவரவியல் நண்பர் பார்த்தார், நான் ஈரப்பதம் வரைதான்" என்று சொல்வதில் தப்பில்லை.

கடைசியாக, ஒப்படைப்பு. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்ததும் பெட்டியைக் கழற்றி போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவது வழக்கமாக இருக்கிறது. முற்றத்தில் இடம் கொடுத்து, தினமும் ஷீட்டை எடை போட்டுக் கொடுத்த குடும்பம் அதன் பிறகு எந்தக் கல்லூரி மாணவருக்கும் கேட்டைத் திறக்காது. பெட்டியை அங்கேயே விடுவதானால், விசிறி கெட்டால் எந்தக் கடையில் என்ன மாடல் வாங்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி உறை போட்டு மாட்டுங்கள். எடுத்துப் போவதானால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். என்ன தெரிந்தது என்பதை அவர்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து கால் மணி நேரம் சொல்லுங்கள். தரவு, கோடு, நோட்டின் ஸ்கேன் ஆகியவற்றைத் துறையின் டிரைவில் போட்டு, மூன்றாம் ஆண்டு ஜூனியர் இரண்டு பேரை ஒருமுறை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்து வையுங்கள். அடுத்த பருவமழைக்கு முன்னால் அது நடந்துவிட வேண்டும்.